சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: கிரீஸும் எகிப்தும் ஒரே நிறத்தில் இருப்பது ஏன்?

நீலவானம்

வணக்கம். போன மாதம் அப்பாவின் சிறுநீர்ப்பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் தசை வரை இறங்கவில்லை என்றார்கள். அப்பா வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை. அதனால் "எப்படி வந்தது" என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடித் தேடி ஓர் உலக வரைபடத்தில் வந்து நின்றேன். எந்த நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள் என்று நிறம் தீட்டிய வரைபடம்.

அதில் எனக்குப் புரியாதது இதுதான். கிரீஸ், ஸ்பெயின், இத்தாலி எல்லாம் அடர் நிறம். பெல்ஜியம், நெதர்லாந்து, வட அமெரிக்காவும் அப்படியே. பக்கத்திலேயே எகிப்து, துருக்கி, லெபனானும் அடர் நிறம். ஆனால் நடு ஆப்பிரிக்காவும் தெற்காசியாவும் வெளிர் நிறம். பணக்கார நாடுகளின் நோய் என்று சொல்ல முடியவில்லை, ஏழை நாடுகளின் நோய் என்றும் சொல்ல முடியவில்லை. காரணம் புகையிலை மட்டும்தானா? புகைப்பழக்கம் உள்ள நாடுகள் எல்லாம் அடர் நிறமாக இல்லையே?

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி

முதலில் அப்பா நலம்பெற வாழ்த்துகள். தசை வரை இறங்காத கட்டி என்பது நல்ல செய்தி. ஆனால் இது திரும்பித் திரும்பி வரக்கூடிய நோய், அதனால் சிஸ்டோஸ்கோப்பிப் பரிசோதனைகளை (குழாய் விட்டுச் சிறுநீர்ப்பையின் உள்ளே பார்ப்பது) தவறவிடாதீர்கள்.

நான் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவன். உங்கள் கேள்விக்கு என் பக்கத்திலிருந்து பாதி பதில் உண்டு. கிரீஸும் எகிப்தும் வரைபடத்தில் ஒரே நிறம்தான். ஆனால் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு நோய்களாக இருந்த காலம் உண்டு.

சிறுநீர்ப்பையின் உட்சுவரை மூடியிருக்கும் செல்களுக்கு யூரோதீலியம் என்று பெயர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் பெரும்பங்கு இந்தச் செல்களிலிருந்து கிளம்புவது. எகிப்தில் நீண்ட காலம் அப்படி இல்லை. அங்கே தட்டையான, செதிள்போன்ற செல்களால் ஆன செதிள் செல் புற்றுநோய்தான் மிகுதி. வந்தவர்களும் வயதில் இளையவர்கள், நாற்பதுகளில் ஐம்பதுகளில் இருந்த விவசாயிகள்.

காரணம் ஓர் ஒட்டுண்ணிப் புழு. கெய்ரோவில் வேலை பார்த்த தியோடோர் பில்ஹார்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1851இல் அதைக் கண்டுபிடித்தார். அந்த நோய்க்கு பில்ஹார்சியா என்று அவர் பெயரே நிலைத்துவிட்டது. புழுவின் இன்றைய பெயர் சிஸ்டோசோமா ஹெமட்டோபியம். நன்னீர் நத்தைக்குள் வளர்ந்து, தண்ணீரில் இறங்கும் மனிதரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். பெண்புழு சிறுநீர்ப்பையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் முட்டையிடும். வெளியேற முடியாத முட்டைகள் சுவரிலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் அங்கே புண்ணும் வீக்கமும் இருந்துகொண்டே இருக்கும். ஆறாத அந்தப் புண்ணிலிருந்துதான் புற்றுநோய் கிளம்புகிறது. இந்தத் தொடர்பைக் கெய்ரோவில் பெர்குசன் என்ற மருத்துவர் 1911இலேயே எழுதினார். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் புழுவை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது 1994இல்.

வினாக்குறி

>நீண்ட காலம் அப்படி இல்லை

என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது? புழுவுக்கு மருந்து வந்துவிட்டதே. அப்படியானால் எகிப்து வெளிர் நிறத்துக்கு மாறியிருக்க வேண்டுமே?

நுண்ணோக்கி

சரியான இடத்தில் கேட்டீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிரசிகுவான்டெல் என்ற மாத்திரை 1980களில் எகிப்தில் பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதற்குமுன் 1970இல் அஸ்வான் பேரணை வந்து நைல் நதியின் ஓட்டமே மாறியது. கழிமுகப் பகுதியில் சிறுநீர்ப்பையைத் தாக்கும் புழு குறைந்து, குடலையும் கல்லீரலையும் தாக்கும் அதன் உறவுப் புழு பெருகியது. இரண்டும் சேர்ந்ததில் சிறுநீர்ப்பைக்குள் போகும் முட்டைகள் வெகுவாகக் குறைந்தன.

கெய்ரோவின் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் 1980 முதல் 2005 வரை வந்த ஏறத்தாழ பத்தாயிரம் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நான்கில் மூன்று பங்கு செதிள் செல் வகை. முடிவில் அது மூன்றில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த இடத்தைப் பிடித்தது எது? யூரோதீலிய வகை. அதாவது ஐரோப்பாவில் வரும் அதே வகை. புழு போன இடத்துக்குப் புகையிலை வந்து சேர்ந்தது. எகிப்து இன்னும் அடர் நிறமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். நிறம் பெரிதாக மாறவில்லை, அதன் அடியில் இருந்த நோய்தான் மாறிவிட்டது.

இதோடு சேர்த்து நினைத்தாலே மனம் வலிக்கும் ஒன்றும் உண்டு. மாத்திரை வருவதற்கு முன், 1950களிலிருந்து 1980கள் வரை, புழுவுக்கு ஆண்டிமனி கலந்த ஊசி போட்டார்கள். ஒருவருக்கே பல ஊசிகள். சரியாகக் கிருமி நீக்காத ஊசிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதில் ஹெப்படைடிஸ் சி வைரஸ் நாடு முழுக்கப் பரவியது. ஒரு காலத்தில் எகிப்திய ஆண்களின் புற்றுநோய்களில் முதலிடம் சிறுநீர்ப்பைக்கு. பின்னால் கல்லீரல் அதை முந்தியது. அந்த வைரஸ் அதற்குப் பெரிய காரணம்.

புழு இன்னும் ஒழிந்துவிடவில்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் ஆறு, ஏரிக்கரைகளில் இன்றும் இருக்கிறது. 2021இல் எல்லா வகை சிஸ்டோசோமா நோய்களுக்குமாகத் தடுப்புச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் 25 கோடிக்கும் மேல் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

வரிசை எண்

நான் பதினோரு ஆண்டுகள் ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டில் தரவு சரிபார்ப்பவளாக இருந்தேன். வரைபடம் பார்க்கும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று உண்டு: நிறத்தை நம்புவதற்குமுன் எதை எண்ணினார்கள் என்று பாருங்கள்.

மற்ற புற்றுநோய்களை விடச் சிறுநீர்ப்பையில் இந்தச் சிக்கல் அதிகம். நீலவானத்தின் அப்பாவுக்கு வந்ததுபோலத் தசை வரை இறங்காமல் நின்றவைதான் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவற்றில் நான்கில் மூன்று பங்கு. அவற்றிலும் பல, உட்சுவரின் மேலடுக்கோடு நின்றுவிட்டவை. சிறு பூங்கொத்துபோல உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும், ஆனால் அடியில் ஊடுருவியிருக்காது. இதைப் புற்றுநோய் என்று எண்ணுவதா வேண்டாமா? சில நாட்டுப் பதிவேடுகள் எண்ணும். சில எண்ணாது. அமெரிக்கப் பதிவேடுகள் ஊடுருவாத நிலையில் இருப்பதையும் சேர்த்தே எண்ணும்.

பிரிட்டனில் 2000ஐ ஒட்டி இந்தக் கட்டிகளுக்குக் குறியீடு இடும் முறையை மாற்றினார்கள். வரைகோட்டைப் பார்த்தால் அந்த இடத்தில் நோய் திடீரென்று குறைந்ததுபோலத் தெரியும். குறைந்ததில் ஒரு பகுதி வெறும் குறியீட்டு மாற்றம். அதை அறியாமல் "பிரிட்டன் சாதித்துவிட்டது" என்று யாராவது எழுதினால் அது தவறாகிவிடும்.

இன்னொன்று, எண்ணவே ஆள் இல்லாத இடங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால் உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், திசு எடுக்க வேண்டும், அதைப் படிக்க ஒருவர் வேண்டும், படித்ததை ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த நோயாளி கணக்கில் இல்லை. வெளிர் நிறம் என்றால் நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில இடங்களில் உண்மையிலேயே குறைவு, சில இடங்களில் யாரும் பார்க்கவில்லை.

வினாக்குறி

அப்படியானால் நாடுகளை ஒப்பிடுவதே வீண் என்கிறீர்களா? எண்ணும் முறையே வேறு என்றால் கிரீஸுக்கும் ஜப்பானுக்கும் என்ன ஒப்பீடு?

வரிசை எண்

வீண் இல்லை நண்பரே. எதைக் கேட்கிறோம் என்பதற்கு ஏற்ற எண்ணை எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

புதிய நோயாளிகள் வீதத்தை மட்டும் பார்க்காமல் இறப்பு வீதத்தையும் பக்கத்தில் வையுங்கள். மேலடுக்கோடு நின்ற கட்டியால் பெரும்பாலும் யாரும் சாவதில்லை. அதனால் அதை எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் இறப்புக் கணக்கு அவ்வளவாக மாறாது. இறப்புச் சான்றிதழ் எழுதுவதிலும் குறைகள் உண்டு என்பதை மறுக்கவில்லை.

2022இல் உலகம் முழுக்கப் புதிதாக ஏறத்தாழ 6,14,000 பேர், இறந்தவர்கள் ஏறத்தாழ 2,20,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். மூன்று நோயாளிக்கு ஓர் இறப்புக்குச் சற்று மேலே. இது உலகச் சராசரி. தென் ஐரோப்பாவில் புதிய நோயாளிகள் மிக அதிகம், ஆனால் அந்த அளவுக்கு இறப்பு இல்லை. எகிப்தையும் வட ஆப்பிரிக்காவையும் பார்த்தால் இறப்பு வீதம் உலகிலேயே உச்சத்தில் இருக்கும். வெளிர் நிறமாக இருக்கும் பல ஆப்பிரிக்க நாடுகளில் புதிதாக எண்ணப்பட்டவர்கள் குறைவு, ஆனால் எண்ணப்பட்டவர்களில் இறப்பவர்களின் பங்கு மிக அதிகம். அந்த இடைவெளிதான் எனக்குக் கவலை தரும் எண். தாமதமாக வந்தவர்கள், சிகிச்சை கிடைக்காதவர்கள் எல்லோரும் அதற்குள் இருக்கிறார்கள்.

சாயக்கை

இத்தனை பேர் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் வருகிறேன். நான் இருபத்தாறு ஆண்டுகள் சாயத் தொழிற்சாலையில் இருந்தவன். புகையிலை, புழு பற்றி எழுதினீர்கள். தொழிலைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. இந்த நோயின் வரலாறே தொழிற்சாலையில்தான் தொடங்குகிறது.

1895இல் பிராங்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். ஃபுக்சின் என்ற செஞ்சாயம் செய்யும் பிரிவில் இருந்த 45 பேரில் மூன்று பேருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி. அரிய நோய், ஒரே பிரிவில் மூன்று பேர். சாய மூலப்பொருளான அனிலின்தான் காரணம் என்று அவர் நினைத்தார். உண்மையான குற்றவாளிகள் அதன் உறவுப் பொருட்கள் என்று பின்னால் தெரிந்தது: பீட்டா நாப்தைலமின், பென்சிடின், நான்கு-அமினோபைஃபினைல். மொத்தமாக அரோமாட்டிக் அமின்கள் என்பார்கள். 1938இல் வில்ஹெல்ம் ஹூப்பர் நாய்களுக்கு பீட்டா நாப்தைலமின் கொடுத்துக் கட்டி வருவதை நிரூபித்தார். பிரிட்டனில் ராபர்ட் கேஸ் சாயத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிக் கணக்கிட்டு 1954இல் வெளியிட்டார். ரப்பர் தொழிலாளர்களுக்கும் இதே ஆபத்து இருந்தது அந்தத் தேடலின்போதே வெளிப்பட்டிருந்தது. ரப்பர் சீக்கிரம் கெடாமல் இருக்கச் சேர்த்த பொருளில் இதே நஞ்சு கலந்திருந்தது. பிரிட்டனில் அதை 1949இல்தான் நிறுத்தினார்கள்.

ரேன் எழுதியது 1895. நிறுத்தியது 1949. நடுவில் 54 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனை பேர் வேலைக்குப் போய்வந்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எங்கள் ஆலையில் நான் சேர்ந்தபோது கையுறை கேட்டால் சிரிப்பார்கள். மாலையில் கை கழுவினாலும் நகக்கண்ணில் நிறம் போகாது. என்னோடு இருந்தவர்களில் இரண்டு பேருக்கு ஓய்வு பெற்ற பிறகு இந்த நோய் வந்தது. வேலையை விட்டு இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வரும். அதனால் யாரும் அதை வேலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

நீலவானம், உங்கள் அப்பா என்னென்ன வேலை பார்த்தார்? இப்போதைய வேலையைக் கேட்கவில்லை. இளமையில் பார்த்ததைக் கேளுங்கள். சாயம், ரப்பர், தோல், பெயிண்ட், அலுமினிய உருக்காலை, நிலக்கரித் தார். எல்லாவற்றையும் கேளுங்கள்.

நீலவானம்

அப்பா கணக்கராகத்தான் ஓய்வு பெற்றார் ஐயா. ஆனால் அதற்குமுன் என்ன செய்தார் என்று நான் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு வருகிறேன்.

ஈரமண்

புகையிலையும் இதே கதைதான் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாயக்கை ஐயா சொன்ன பீட்டா நாப்தைலமினும் நான்கு-அமினோபைஃபினைலும் சிகரெட் புகையிலும் இருக்கின்றன. உடம்புக்குள் போனதும் கல்லீரல் அவற்றை உடைத்து வெளியேற்றப் பார்க்கும். சிறுநீரகம் வடிகட்டும். கடைசியில் எல்லாம் மணிக்கணக்கில் தேங்கி நிற்கும் இடம் சிறுநீர்ப்பை. நுரையீரலுக்குள் போன புகைக்குச் சிறுநீர்ப்பை ஏன் பலியாகிறது என்றால் இதனால்தான்.

அப்புறம் நீலவானம் கேட்டாரே, புகைப்பழக்கம் உள்ள எல்லா நாடுகளும் அடர் நிறமாக இல்லையே என்று. ஜப்பான் நல்ல உதாரணம். ஜப்பானிய ஆண்கள் பல பத்தாண்டுகள் மிக அதிகமாகப் புகைத்தவர்கள், ஆனாலும் தென் ஐரோப்பா அளவுக்கு இந்த நோய் இல்லை. இதற்கு ஒரு பகுதிக் காரணமாகச் சொல்லப்படுவது மரபணு. அரோமாட்டிக் அமின்களை முறித்துப்போடும் ஒரு நொதி சிலரிடம் வேகமாகவும் சிலரிடம் மெதுவாகவும் வேலை செய்யும். மெதுவானவர்களுக்கு ஆபத்து அதிகம். ஐரோப்பிய மரபினரில் ஏறத்தாழ பாதிப்பேர் மெதுவான வகை. ஜப்பானியரில் பத்தில் ஒருவர் அளவுதான். முழு விளக்கம் இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். புகைக்கத் தொடங்கிய வயது, காலம் எல்லாம் சேரும்.

சுனைநீர்

தண்ணீரை விட்டுவிட்டீர்களே. எனக்கு இந்த நோயில் நுழைவாயிலே தண்ணீர்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

சிலி நாட்டின் வடக்கே அட்டகாமா பாலைவனத்தின் ஓரத்தில் அன்டோஃபகாஸ்டா என்று ஒரு நகரம். மழை கிட்டத்தட்ட இல்லாத நிலம். 1958இல் மலையிலிருந்து வரும் ஆற்று நீரைக் குழாய் வழியாக நகருக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நீரில் லிட்டருக்கு 860 மைக்ரோகிராம் அளவில் ஆர்சனிக் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் வரம்பு 10. வேறு தண்ணீர் இல்லாததால் நகரமே அதைத்தான் குடித்தது. 1970ஐ ஒட்டிச் சுத்திகரிப்பு நிலையம் வந்ததும் ஆர்சனிக் சடாரென்று குறைந்தது. ஆக, பன்னிரண்டு ஆண்டுகள் மட்டும் நஞ்சு. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த இடம் வேறு கிடைப்பது அரிது.

நோய் எப்போது உச்சத்துக்குப் போனது தெரியுமா? தண்ணீர் சுத்தமாகிப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து. சிலியின் மற்றொரு பகுதியோடு ஒப்பிட்டபோது சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்பு ஆண்களில் உச்சத்தில் சுமார் 6 மடங்கு. பெண்களில் அதையும்விட அதிக மடங்கு. நாற்பது ஆண்டுகள் கழித்தும் அங்கே குடித்து வளர்ந்தவர்களுக்கு ஆபத்து குறையாமல் இருப்பதை 2013இல் வெளியான ஆய்வு காட்டியது.

தைவானின் தென்மேற்குக் கரையிலும் இதே கதை. அங்கே ஆழ்கிணற்று நீரில் ஆர்சனிக். கால்விரல்கள் கருத்து அழுகும் கருங்கால் நோய் முதலில் கண்ணில் பட்டது, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அதற்குப் பின்னால்தான் கணக்கில் வந்தது.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட் மாநிலங்களில் இந்த நோயால் இறப்பவர்கள் நாட்டுச் சராசரியை விட ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகப் புதிராக இருந்தது. 2016இல் வெளியான ஆய்வு, 1960க்கு முன்பு தோண்டிய ஆழமில்லாத சொந்தக் கிணறுகளின் நீரை அதிகம் குடித்தவர்களைச் சுட்டியது. நிலத்தில் இயற்கையாக இருக்கும் ஆர்சனிக்கோடு, அந்தக் காலத்தில் பயிருக்குத் தெளித்த ஆர்சனிக் பூச்சிமருந்தும் கிணற்றில் இறங்கியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம்.

ஒரு நாட்டுக்கு ஒரு நிறம் தீட்டினால் இவை எதுவுமே தெரியாது. அன்டோஃபகாஸ்டா சிலிக்குள் கரைந்துவிடும். மெயின் அமெரிக்காவுக்குள் கரைந்துவிடும்.

மாலைக்காற்று

குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதாலும் இந்த நோய் வருகிறது என்று படித்தேன். அப்படியானால் குளோரின் போட்ட தண்ணீரைக் குடிக்காமல் இருப்பதுதானே நல்லது? நான் வீட்டில் நிறுத்திவிட்டேன்.

சுனைநீர்

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குளோரின் போடாத தண்ணீரால் வாந்திபேதியும் காலராவும் டைபாய்டும் சில நாட்களுக்குள் கொல்லும். இதை நான் உறுதியாகச் சொல்கிறேன்.

நீங்கள் படித்ததில் ஓர் உண்மை இருக்கிறது. நீரில் கரைந்துள்ள இலை, மட்கு போன்ற கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது டிரைஹாலோமீத்தேன்கள் உண்டாகும். நீண்ட காலம் அதிக அளவில் அவற்றுக்கு ஆளானவர்களிடம் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ 5 சதவீதம் இதனால் இருக்கலாம் என்று 2020இல் கணக்கிட்டார்கள். அதற்குத் தீர்வு, குளோரின் போடுவதற்குமுன் அந்தக் கரிமப் பொருளை வடிகட்டி எடுப்பது. அது சுத்திகரிப்பு நிலையத்தின் வேலை. வீட்டில் குளோரினைத் தவிர்ப்பது தீர்வு இல்லை.

மாலைக்காற்று

புரிந்தது. பயத்தில் செய்துவிட்டேன், மாற்றிக்கொள்கிறேன். நன்றி.

வெண்தாமரை

பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு நாட்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

உலக அளவில் ஆண்களுக்கு இந்த நோய் பெண்களைவிட நான்கு மடங்கு வருகிறது. அதனாலேயே ஒரு பெண்ணுக்குச் சிறுநீரில் ரத்தம் வந்தால் யாரும் இதை நினைப்பதில்லை. என் அம்மாவுக்கு எட்டு மாதங்கள் யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கல்ச்சர் பரிசோதனையில் கிருமி இல்லை. ரத்தம் மட்டும் வந்துவந்து நிற்கும். நின்றதும் சரியாகிவிட்டது என்பார்கள். ஒன்பதாவது மாதம் வேறு மருத்துவர் ஒருவர் உள்ளே பார்த்தார். அதற்குள் தசைக்குள் போயிருந்தது. அம்மா இப்போது இல்லை.

இது அம்மாவுக்கு மட்டும் நடந்த ஒன்று இல்லை. பெண்களுக்குக் கண்டுபிடிப்பது தாமதமாகிறது, முற்றிய நிலையில் வருகிறார்கள், ஆண்களைவிடப் பிழைப்பது குறைகிறது என்று பல நாடுகளில் ஆய்வுகள் சொல்கின்றன.

வரைபடத்தில் ஆண், பெண் இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். 2020 கணக்கில் ஆண்களில் முதலிடம் கிரீஸ். பெண்களில் கிரீஸ் இல்லை, ஹங்கேரி. ஹங்கேரியில் பெண்கள் பரவலாகப் புகைக்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆண்களின் வரைபடம் ஆண்கள் எப்போது புகைக்கத் தொடங்கினார்கள் என்பதைக் காட்டுகிறது. பெண்களுடையதும் அப்படித்தான், அவர்களின் காலக்கணக்கில்.

வரிசை எண்

வெண்தாமரை, அம்மாவுக்காக வருந்துகிறேன். நீங்கள் எழுதியதைப் படித்து யாராவது ஒருவர் தன் அம்மாவை அழைத்துப்போவார்.

காலப்போக்கைப் பற்றி வினாக்குறி தனிமடலில் கேட்டிருந்தார், இங்கேயே எழுதுகிறேன். மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற இடங்களில் ஆண்களின் இறப்பு வீதம் சில பத்தாண்டுகளாக இறங்கிவருகிறது. புகைப்பதை விட்டதும் தொழிற்சாலைச் சட்டங்களும் காரணம், சிகிச்சையும் காரணம். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள சில ஐரோப்பிய நாடுகளில் பெண்களின் வீதம் ஏறுகிறது. எங்கே பெண்கள் தாமதமாகப் புகைக்கத் தொடங்கினார்களோ அங்கே.

ஆனால் வீதம் இறங்கினாலும் மருத்துவமனையில் கூட்டம் குறையாது. இது முதியவர்களின் நோய். அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்படும்போது ஏறத்தாழ பாதிப்பேருக்கு வயது 73க்கு மேல். மக்கள் நீண்ட காலம் வாழ வாழ எண்ணிக்கை கூடும். வயது வேறுபாட்டை நீக்கிக் கணக்கிடுவதை வயது தரப்படுத்திய வீதம் என்பார்கள். ஒரு நாட்டோடு இன்னொன்றை ஒப்பிட அது வேண்டும். எத்தனை கட்டில் வேண்டும், எத்தனை மருத்துவர் வேண்டும் என்று திட்டமிட அது உதவாது, அதற்கு நேரடி எண்ணிக்கைதான் வேண்டும்.

ஈரமண்

புகைப்பதை விட்டால் வீதம் இறங்கும் என்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவில் புகைப்பவர்கள் வெகுவாகக் குறைந்த பிறகும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் புதிதாக வருவது 2011க்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் பெரிதாக இறங்கவில்லை. 2011இல் நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு ஆய்வு வெளியானது. பழைய ஆய்வுகளில் புகைப்பவருக்கு ஆபத்து மூன்று மடங்கு. இதில் நான்கு மடங்கு. பெண்களிலும் நோயில் பாதி புகையால் என்று வந்தது, ஆண்களுக்குச் சமமாக. சிகரெட்டில் தாரையும் நிகோட்டினையும் குறைத்தார்கள், ஆனால் பீட்டா நாப்தைலமின் போன்றவை கூடியிருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு விளக்கம். "லைட்" என்று எழுதி விற்றதை நம்பியவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

ஈரானையும் குறிப்பிட வேண்டும். அபின் உட்கொள்வது சிறுநீர்ப்பை, குரல்வளை, நுரையீரல் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2020இல் முடிவுக்கு வந்தது. அந்த முடிவுக்கு அடிப்படையான ஆய்வுகளில் பெரும்பாலானவை ஈரானில் செய்தவை.

வினாக்குறி

ஒரே நாட்டுக்குள்ளும் இப்படி இடைவெளி உண்டா? இடத்தைக் கேட்கவில்லை, மக்களைக் கேட்கிறேன்.

வரிசை எண்

உண்டு. அமெரிக்காவில் வெள்ளையின ஆண்களுக்கு இந்த நோய் கறுப்பின ஆண்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது. ஆனால் வந்த பிறகு பிழைப்பது கறுப்பினத்தவரில் குறைவு. அவர்கள் முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்படுவது அதிகம், சிகிச்சை கிடைப்பதிலும் வேறுபாடு. முன்னே சொன்ன ஆப்பிரிக்க நாடுகளின் கதை, வசதியான ஒரு நாட்டுக்குள்ளேயே நடக்கிறது.

நீலவானம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் "கணக்கு வேலைதான்" என்றார். சாயக்கை ஐயா சொன்ன பட்டியலை ஒவ்வொன்றாகப் படித்தேன். ரப்பர் என்றதும் நிறுத்தச் சொன்னார். பத்தொன்பது வயதில் ஒரு டயர் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறார். ரப்பரோடு பொடிகளைக் கலக்கும் பிரிவு. ஆறு ஆண்டுகள். முகத்தில் துணி கட்டிக்கொள்வார்களாம், மாலையில் துணியை உதறினால் கருப்பாகக் கொட்டுமாம். அம்மாவைத் திருமணம் செய்வதற்கு முன்பு என்பதால் எங்களில் யாருக்குமே தெரியாது. மருத்துவமனையில் புகைப்பீர்களா என்று மட்டும்தான் கேட்டார்கள், இல்லை என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

அப்பாவின் நோய் அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். எந்தப் பொடி என்றே அவருக்கு நினைவில்லை.

சாயக்கை

எந்தப் பொடி என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை அம்மா. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்தப் பிரிவு, என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் கொடுத்து, நோய்க்குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சில நாடுகளில் இதற்குத் தொழில்நோய் இழப்பீடு உண்டு, அதற்கும் அந்தத் தாள் வேண்டும். அவரோடு அந்தப் பிரிவில் வேலை பார்த்தவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்: சிறுநீரில் ஒரு முறை ரத்தம் பட்டாலும், தானே நின்றுவிட்டாலும், போய்ப் பார்க்க வேண்டும்.

நீலவானம்

எழுதிவிட்டோம் ஐயா. அப்பா தன் கையாலேயே எழுதினார், ஒரு பக்கம் வந்தது. அவரோடு இருந்தவர்களில் இரண்டு பேரின் எண் இருக்கிறதாம். ஒருவரை இன்று காலை அழைத்துப் பேசிவிட்டார். இன்னொருவர் எண்ணில் மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மாலையில் மறுபடி முயல்கிறேன் என்றார்.